எழுதியவர் பெயர்: கறுப்பின இசைப்படைப்பாளர்களும் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவும்



நிலம், கல்வி, இடஒதுக்கீடு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்று பேசுவதற்கு எவ்வளவோ இருக்கும்போது, அமெரிக்கக் கறுப்பின மக்கள் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இசை எழுதிய வரலாற்றை ஒரு நினைவுப் பேருரையின் பொருளாக ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. நம்முடையது எழுத்தாளர்களின் மன்றம். யார் எழுதலாம், எழுதியதை எழுத்து என்று யார் ஒப்புக்கொள்வது, ஒப்புக்கொண்டதை யார் பாதுகாப்பது என்ற கேள்விகளோடு மல்லுக்கட்டித்தான் தலித் இலக்கியம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அதே கேள்விகளை இசைத்தாளின் மேல் வைத்துப் போராடியவர்களின் கதை நமக்கும் வேண்டியதுதான்.

அவர்களோடு நமக்குள்ள உறவு பழையது. 1946இல் அண்ணல் அம்பேத்கர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்களின் சார்பில் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளிக்கப்பட்ட மனுவின் படிகளைக் கேட்டார். டுபாய்ஸும் பதில் எழுதினார். 1972இல் மும்பையில் தலித் பேந்தர்ஸ் உருவானபோது பெயரையே அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய தன்வரலாறுகளைப் படித்திருக்கிறோம், புளூஸும் ஜாஸும் ராப்பும் கேட்டிருக்கிறோம். அவர்கள் தாளில் எழுதிய இசையைப் பற்றி மட்டும் நம்மிடையே பேச்சே இல்லை. அமெரிக்காவிலேயே அது நெடுங்காலம் பேசப்படாமல்தான் கிடந்தது. ஏன் அப்படிக் கிடந்தது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1965 மே மாதத்துக்குப் போவோம். அந்த ஆண்டு இசைக்கான புலிட்சர் பரிசுக்கு அமர்த்தப்பட்ட நடுவர்கள் மூன்று பேர். குறிப்பிட்ட எந்தப் படைப்புக்கும் பரிசு தர வேண்டாம், டியூக் எலிங்டனின் வாழ்நாள் பணிக்குச் சிறப்பு விருது தரலாம் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள். எலிங்டனுக்கு அப்போது 66 வயது. நாற்பது ஆண்டுகளாகத் தன் சொந்தக் குழுவை நடத்தி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை எழுதியிருந்தவர். பரிசை வழங்கும் மேல்குழு அந்தப் பரிந்துரையைத் தள்ளிவிட்டது. நடுவர்களில் இருவர் பதவி விலகினார்கள். அந்த ஆண்டு இசைக்கு யாருக்குமே பரிசு இல்லை. எலிங்டன் 1974இல் இறந்தார். அவருடைய நூற்றாண்டான 1999இல்தான் புலிட்சரின் சிறப்பு விருது அவர் பெயருக்கு வந்தது. 1943இல் தொடங்கிய இந்த இசைப் பரிசை வாங்கிய முதல் கறுப்பினத்தவர் ஜார்ஜ் வாக்கர், ஆண்டு 1996.

எலிங்டனை யாரும் கேட்காமல் இல்லை. அமெரிக்கா முழுவதும் அவருடைய இசைக்கு ஆடியது. வெள்ளையர்கள் மட்டுமே அமரக்கூடிய நியூயார்க் கிளப்புகளில் அவரை மேடையேற்றி ரசித்தார்கள். சிக்கல் எங்கே வந்தது என்றால், அவரை வாத்தியக்காரர், குழுத் தலைவர், கேளிக்கைக் கலைஞர் என்பதோடு நிறுத்தாமல் ‘எழுதியவர்’ என்று சொல்ல வேண்டிவந்தபோது.

இங்கே சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா என்பது என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுவோம். ‘சேம்பர்’ என்றால் அறை. ஐரோப்பிய அரசர்களும் பிரபுக்களும் தம் மாளிகை அறைகளில் வைத்துக் கேட்ட இசையிலிருந்து வந்த பெயர். பத்துப் பதினைந்து பேரிலிருந்து நாற்பது பேர் வரை வாசிக்கும் சிறிய குழு. பெரிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் முப்பது வயலின்காரர்களுக்கு நடுவே ஒருவர் தடுமாறினால் வெளியே தெரியாது, இதில் தெரியும். ஒவ்வொருவரும் எந்தச் சுரத்தை, எவ்வளவு நேரம், எவ்வளவு உரக்க வாசிக்க வேண்டும், வில்லை எப்படி இழுக்க வேண்டும், எங்கே பேசாமல் இருக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரே தாளில் அடுக்கடுக்காக எழுதப்பட்டிருக்கும். அதற்குப் பெயர் ஸ்கோர். ஸ்கோரின் முதல் பக்கத்தில், வலது மேல் ஓரத்தில், எழுதியவர் பெயர் இருக்கும். வாசிப்பவர்கள் வருவார்கள், போவார்கள். அந்தப் பெயர் அப்படியே இருக்கும். காப்புரிமையும் ராயல்டியும் நூலகத்தில் ஒரு தட்டும் அந்தப் பெயருக்குத்தான்.

கறுப்பினத்தவர் வாசிப்பதற்கு மேற்கத்திய உலகம் எப்போதுமே பெரிய தடை போட்டதில்லை. 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் செவாலியே த சாந்-ஜார்ஜ் என்ற வயலின் மேதை இருந்தார். கரீபியத் தீவான குவாதலூப்பில், அடிமைப்படுத்தப்பட்ட ஒரு தாய்க்குப் பிறந்தவர். அவர் வாசிப்பைக் கேட்கப் பிரபுக்கள் கூடினார்கள். ஆனால் 1776இல் பாரிஸ் ஓபராவின் இயக்குநர் பொறுப்புக்கு அவர் பெயர் அடிபட்டதும், கலப்பினத்தான் ஒருவனின் கட்டளைக்குக் கீழ்ப்பட முடியாது என்று அங்கிருந்த பாடகிகள் சிலர் அரசியிடம் மனுக் கொடுத்தார்கள். பொறுப்பு கிடைக்கவில்லை. கையில் வாத்தியம் இருக்கலாம், கட்டளையிடும் கோல் இருக்கக் கூடாது.

நமக்கு இது புரியாத கதையா? பறையில் எத்தனையோ அடிகள் உண்டு. சாவுக்கு ஓர் அடி, சாமி ஊர்வலத்துக்கு ஓர் அடி, ஆட்டத்துக்குத் தனி அடிகள். காய்ச்சிய தோலில் இரண்டு குச்சிகள் எழுப்பும் அந்தக் கணக்குகளை யாரோ ஒருவர் முதலில் கட்டியிருக்க வேண்டும். அடுத்தவர் அதைத் திருத்தியிருக்க வேண்டும். இன்னொருவர் நீட்டியிருக்க வேண்டும். அவர்களில் ஒருவருடைய பெயரும் நம்மிடம் இல்லை. ஊர் அதைப் படைப்பு என்று பார்க்கவில்லை, சாதித் தொழில் என்று பார்த்தது. பிறகு வந்த படித்தவர்கள் ‘நாட்டுப்புறக் கலை’ என்ற பெட்டிக்குள் போட்டார்கள். அந்தப் பெட்டியில் பாசம் நிறைய இருக்கிறது. எழுதியவர் பெயருக்கு இடம் இல்லை.

பிளாரன்ஸ் பிரைஸின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1887இல் ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரில் பிறந்தவர். இனவெறி முற்றிய அந்த ஊரைவிட்டுக் குடும்பத்தோடு சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். 1933 ஜூன் 15 அன்று அவருடைய முதல் சிம்பொனியைச் சிகாகோ சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிய சிம்பொனியைப் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று வாசித்தது அதுவே முதல் முறை. பத்தாண்டுகள் கழித்து, 1943இல், பாஸ்டன் ஆர்க்கெஸ்ட்ராவின் நடத்துநர் கூசெவிட்ஸ்கிக்கு அவர் எழுதிய கடிதத்தில், தான் பெண், தன் உடலில் கறுப்பின ரத்தமும் ஓடுகிறது என்று இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டு, படைப்பைப் படைப்பாக மட்டும் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். கூசெவிட்ஸ்கி அவருடைய படைப்பு எதையும் மேடையேற்றவில்லை. பிரைஸ் 1953இல் இறந்தார். 2009இல் இல்லினாய் மாநிலத்தின் செயின்ட் ஆன் என்ற சிற்றூரில், பாழடைந்த வீடு ஒன்றை வாங்கிப் பழுதுபார்க்கப் போனவர்கள் கட்டுக்கட்டாகத் தாள்களைக் கண்டெடுத்தார்கள். ஒரு காலத்தில் பிரைஸ் கோடையில் வந்து தங்கிய வீடு அது. இரண்டு வயலின் கான்செர்ட்டோக்களும் நான்காம் சிம்பொனியும் அந்தத் தாள்களுக்குள் இருந்தன. பாழடைந்த அந்த வீட்டில் நெடுங்காலம் கிடந்திருக்கின்றன.

பிரைஸ் தனியாக நின்று கேட்டார். அடுத்த தலைமுறை கூட்டாகச் செய்தது. அதனால்தான் 1965 மே மாதம் நமக்கு முக்கியம். எலிங்டனுக்கு விருது இல்லை என்று ஆன அதே மாதத்தில், மே 8 அன்று, சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஃபில் கோரன் என்பவரின் வீட்டில் கறுப்பின இசைக் கலைஞர்கள் சிலர் கூடினார்கள். அழைத்தவர்கள் நான்கு பேர்: முஹால் ரிச்சர்ட் ஆப்ரம்ஸ், ஜோடி கிறிஸ்டியன், ஸ்டீவ் மெக்கால், கோரன். அந்தக் கூட்டத்திலிருந்து பிறந்ததுதான் ஏஏசிஎம் எனப்படும் ‘படைப்பூக்க இசைக் கலைஞர்கள் முன்னேற்றச் சங்கம்’.

அவர்கள் வாழ்ந்த சூழலைப் பாருங்கள். தென் மாநிலப் பருத்திக் காடுகளிலிருந்து தப்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். சிகாகோவில் இசைத் தொழிலாளர்களுக்குத் தொழிற்சங்கம் இருந்தது. வெள்ளையருக்கு ஒரு கிளை, கறுப்பினத்தவருக்கு வேறொரு கிளை. நம்மூர் டீக்கடையின் இரட்டைக் குவளை அங்கே தொழிற்சங்க அட்டையில் இருந்தது. 1966இல்தான் இரண்டு கிளைகளும் ஒன்றாயின. கறுப்பினத்தவர் வாசித்த சிறு கிளப்புகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. திறந்திருந்தவற்றிலும் முதலாளி கேட்ட பழைய பாட்டைத்தான் வாசிக்க வேண்டும்.

ஏஏசிஎம் வைத்த விதி ஒன்றே ஒன்று அதன் முழு அரசியலையும் சொல்லிவிடும்: சங்கத்தின் கச்சேரிகளில் உறுப்பினர்கள் தாங்கள் உருவாக்கிய இசையை மட்டுமே வாசிக்க வேண்டும். இந்த விதி சுலபமாக வந்துவிடவில்லை. ‘சொந்த இசை’ என்றால் என்ன, அடுத்தவர் பாட்டை நம் பாணியில் வாசித்தால் அது சொந்தமா இல்லையா, கிளப் வருமானத்தை நம்பியிருப்பவர் என்ன செய்வார் என்றெல்லாம் தொடக்கக் கூட்டங்களில் வாதம் நடந்தது. இதெல்லாம் நமக்கு எப்படித் தெரிகிறது என்றால், அவர்கள் தங்கள் கூட்டங்களை ஒலிநாடாவில் பதிவுசெய்து வைத்திருந்தார்கள். இயக்க வேலை செய்யும் இளைஞர்கள் இதை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். வாடகைக்கே திண்டாடிய ஒரு சங்கம், தன் முதல் கூட்டங்களின் பேச்சைச் சேமித்து வைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறது. 1971இல் அந்தச் சங்கத்தில் சேர்ந்த டிராம்போன் கலைஞரும் இசைப்படைப்பாளருமான ஜார்ஜ் லூயிஸ், அந்த நாடாக்களையும் உறுப்பினர்களின் நேர்காணல்களையும் வைத்து 2008இல் சங்கத்தின் விரிவான வரலாற்றை எழுதினார். அவர் பேராசிரியராகப் பணியாற்றிய இடம் கொலம்பியா பல்கலைக்கழகம். பாபாசாகேப் 1913இல் போய்ச் சேர்ந்த அதே கொலம்பியா.

1967இல் சங்கம் ஒரு பள்ளியையும் தொடங்கியது. தெற்குப் பகுதிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் இலவச இசைப் பயிற்சி. வாத்தியம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிகள் எங்கும் உண்டு. அங்கே இசை எழுதவும் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஆப்ரம்ஸ்; கல்லூரிப் படிப்பு பிடிக்காமல் வெளியேறி, புத்தகங்களை வைத்துத் தானே இசை எழுதக் கற்றவர். குறையையும் சொல்லிவிட வேண்டும். தொடக்க காலச் சங்கத்தில் பெண்கள் மிகக் குறைவு. அமினா கிளாடின் மயர்ஸ் போன்ற ஓரிருவர் அந்த ஆண்கள் கூட்டத்துக்குள் தனியாக நின்றுதான் தங்கள் இடத்தைப் பிடித்தார்கள். விடுதலை பேசும் அமைப்புகளில் இது எங்கும் நடப்பதுதான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

தங்கள் இசையை ‘ஜாஸ்’ என்று அழைப்பதை அவர்களில் பலர் ஏற்கவில்லை. அந்தச் சொல்லின் மேல் வெறுப்பு என்று இதைக் குறுக்கிவிடக் கூடாது. வயலின், செல்லோ, புல்லாங்குழல் வைத்து அவர்கள் எழுதியதைக்கூடப் பத்திரிகைகள் ஜாஸ் பத்தியில்தான் மதிப்பிட்டன. ஜாஸ் என்றால் கிளப், சம்பளம் குறைவு, ஒத்திகைக்குப் பணம் இல்லை. ‘புதிய இசை’ என்றால் பல்கலைக்கழக அரங்கு, நல்கை, ஒத்திகைக்கு நாட்கள். பெயர் மாறினால் பணம் வரும் வழியே மாறிவிடும். 1996இல் எழுதிய கட்டுரை ஒன்றில் லூயிஸ் இதன் வேரைத் தொட்டார். 1950களில் ஜான் கேஜ் போன்ற வெள்ளை இசைப்படைப்பாளர்கள் நிகழ்கணத்தின் தற்செயலை இசைக்குள் கொண்டுவந்ததைப் புரட்சி என்று எழுதிய வரலாறுகள், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பீபாப் கலைஞர்கள் மேடையிலேயே உடனுக்குடன் இசை படைத்துக்காட்டியதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று காட்டினார். ஒரே செயல், வெள்ளையர் செய்தால் தத்துவம், கறுப்பினத்தவர் செய்தால் பிறவிக் குணம். ‘அவர்களுக்கு ரத்தத்திலேயே தாளம் இருக்கிறது’ என்று பாராட்டுவார்கள். நம்மையும் அப்படிப் பாராட்டியிருக்கிறார்கள்.

பெயரிடும் உரிமை பற்றிய பேச்சு வரும்போது இளையராஜா நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். 1986இல் ‘ஹவ் டு நேம் இட்’ வெளியிட்டவர், 2025 மார்ச்சில் லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றியவர். தன்னை எந்த அடையாளத்தால் அழைக்க வேண்டும் என்பதை அவர் தானே சொல்லியிருக்கிறார். அதை மதிப்பதும் நம் அரசியலுக்குள் வருவதுதான். அவரைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், இன்றைக்கு அல்ல.

சங்கம் இல்லாதவருக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு ஜூலியஸ் ஈஸ்ட்மன். 1940இல் பிறந்தவர். பிலடெல்பியாவின் புகழ்பெற்ற கர்ட்டிஸ் இசைக் கல்லூரியில் படித்தவர், பியானோ கலைஞர், பாடகர், தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காதவர். 1974இல் அவர் எழுதிய ‘ஃபெமனைன்’ சிறு குழுவுக்கான படைப்பு. இயந்திரத்தால் குலுங்கிக்கொண்டே இருக்கும் சலங்கைகளின் மேல் ஒரு சிறு சுரத்தொடர் எழுந்து, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வளர்ந்துகொண்டே போகும். ஸ்கோர் வெறும் ஐந்து பக்கம். மீதியை வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே கட்ட வேண்டும். 1980 ஜனவரியில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் அவருடைய மூன்று படைப்புகள் நான்கு பியானோக்களில் வாசிக்கப்பட்டன. கறுப்பினத்தவரை இழிவுசெய்யும் வசைச்சொல்லை அவர் தலைப்புகளிலேயே வைத்திருந்தார். கறுப்பின மாணவர்கள் எதிர்த்தார்கள். நிகழ்ச்சித் தாளில் தலைப்புகள் அச்சாகவில்லை. ஈஸ்ட்மன் மேடையில் நின்று, ஏன் அந்தச் சொல்லை எடுத்தேன் என்று விளக்கினார். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்றே தன் இதழுக்குப் பெயர் வைத்ததை அறிந்த நமக்கு ஈஸ்ட்மனின் நியாயம் விளங்கும். அந்த மாணவர்களின் வலியும் விளங்க வேண்டும்.

1980களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் வாடகை கட்ட முடியாமல் ஈஸ்ட்மன் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். சாமான்கள் தெருவில் எறியப்பட்டன. ஸ்கோர்களும் அவற்றோடு போயின. சில காலம் பூங்காவில் படுத்துறங்கினார். 1990 மே 28 அன்று பஃபலோ நகர மருத்துவமனை ஒன்றில் இறந்தார். இறந்த செய்தி பத்திரிகையில் வருவதற்கு எட்டு மாதம் ஆனது. மேரி ஜேன் லீச் என்ற இசைப்படைப்பாளர் 1998இல் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆட்களையும் நாடாக்களையும் தேடி அலைந்ததால்தான் 2005இல் ஈஸ்ட்மனின் இசை மூன்று குறுந்தகடுகளாக வெளிவந்தது. பத்துச் செல்லோக்களுக்காக அவர் 1981இல் எழுதிய படைப்பு ஒன்றின் ஸ்கோர் கிடைக்கவே இல்லை. பழைய ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, பத்துக் குரல்களையும் காதாலேயே பிரித்து, செல்லோ கலைஞர் ஒருவர் அதை மீண்டும் தாளில் எழுதினார்.

இனி வடாடா லியோ ஸ்மித்துக்கு வருவோம். இன்றைய உரையை எழுதத் தூண்டியது அவருடைய ‘டென் ஃப்ரீடம் சம்மர்ஸ்’ (பத்து விடுதலைக் கோடைகள்).

ஸ்மித் 1941 டிசம்பரில் மிசிசிப்பி மாநிலத்தின் லீலண்டில் பிறந்தார். டெல்டா என்று சொல்லப்படும் பருத்திச் சமவெளி அது. வளர்ப்புத் தந்தை புளூஸ் கலைஞர். பதின்ம வயதில் ட்ரம்பெட் ஏந்தி, ராணுவ இசைக்குழுக்களில் வாசித்து, 1967இல் சிகாகோ போய் ஏஏசிஎம்மில் சேர்ந்தார். 1955 ஆகஸ்டில், சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த எம்மெட் டில் என்ற சிறுவனை அதே டெல்டாவில் வெள்ளையர்கள் கொன்று ஆற்றில் எறிந்தபோது, டில்லுக்கு 14 வயது, ஸ்மித்துக்கு 13. இருவருக்கும் சில மாதங்களே வித்தியாசம். மகனின் சிதைந்த முகத்தை உலகம் பார்க்கட்டும் என்று சவப்பெட்டியைத் திறந்துவைக்கச் சொன்னார் தாய் மேமி டில். வெள்ளையர் மட்டுமே அமர்ந்திருந்த ஜூரி சுமார் ஒரு மணி நேரத்தில் கொலைகாரர்களை விடுவித்தது. கீழ்வெண்மணிக்கும் மேலவளவுக்கும் பிறகு வளர்ந்த நம் தலைமுறைகளுக்கு, ஒத்த வயதுப் பிள்ளை ஒருவன் மனதில் அது எப்படித் தங்கியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

1977இல் ஸ்மித் மெட்கர் எவர்ஸ் பெயரில் ஒரு படைப்பை எழுதினார். மிசிசிப்பியில் வாக்குரிமைக்காகவும் பள்ளிகளில் சம உரிமைக்காகவும் வேலை செய்து, 1963 ஜூன் 12 அன்று தன் வீட்டு வாசலில் சுட்டுக்கொல்லப்பட்டவர் எவர்ஸ். அந்த ஒன்றிலிருந்து தொடர் மெல்ல நீண்டது. கறுப்பின மக்களின் இருபதாம் நூற்றாண்டை ஆகஸ்ட் வில்சன் பத்து நாடகங்களாக எழுதியது ஸ்மித்துக்கு முன்மாதிரியானது. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்து 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் வரையுள்ள காலமே தலைப்பிலுள்ள பத்துக் கோடைகள். 34 ஆண்டுகளில் 19 படைப்புகள் சேர்ந்தன. மொத்தம் சுமார் நான்கரை மணி நேரம். 2011 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸில் மூன்று இரவுகளாக அரங்கேறி, 2012இல் நான்கு குறுந்தகடுகளாக வந்தது.

வாசித்தவை இரண்டு குழுக்கள். ஒன்று ஸ்மித்தின் சொந்தக் குழு: ட்ரம்பெட், பியானோ, பாஸ், டிரம்ஸ். மற்றது ‘சவுத்வெஸ்ட் சேம்பர் மியூசிக்’ என்ற ஒன்பது பேர் கொண்ட செவ்விசைக் குழு: இரண்டு வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ், ஹார்ப், புல்லாங்குழல், கிளாரினெட், தாள வாத்தியங்கள். சில படைப்புகளில் ஒரு குழு மட்டும் வாசிக்கிறது, சிலவற்றில் இரண்டும் சேர்கின்றன. தாளைப் பார்த்து மட்டுமே வாசிக்கப் பழகியவர்களையும், தாள் முடிந்த இடத்திலிருந்து தொடங்கப் பழகியவர்களையும் ஒரே மேடையில் உட்காரவைப்பது சின்ன வேலை இல்லை. ஒரு தரப்பு மற்றதற்குப் பின்னணியாகச் சுருங்கிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. பல ‘கலப்பு’ முயற்சிகள் அப்படித்தான் முடிந்திருக்கின்றன; வயலின்கள் பின்னால் கம்பளம் விரிக்க, முன்னால் ஒருவர் வித்தை காட்டுவார்.

ஸ்மித் இதற்குப் பல பத்தாண்டுகளாகவே ஒரு வழி தேடி வைத்திருந்தார். ஐந்து கோட்டு இசைக்குறியீட்டோடு, ‘ஆங்க்ரஸ்மேஷன்’ என்று தான் பெயரிட்ட குறிமொழி ஒன்றையும் 1967 முதல் வளர்த்துவந்தார். எகிப்திய மொழியில் உயிரைக் குறிக்கும் ‘ஆங்க்’, எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழியில் தலைவரைக் குறிக்கும் ‘ராஸ்’, தாயைக் குறிக்கும் ‘மா’ ஆகியவற்றைச் சேர்த்த பெயர். அதில் வண்ணங்களும் வடிவங்களும் உண்டு. ஒரு நிறம் எதைக் குறிக்கிறது என்று எழுதியவர் சொல்ல மாட்டார். வாசிப்பவர் அதைப் பற்றித் தேடிப் படித்து, தனக்கான பொருளோடு ஒத்திகைக்கு வர வேண்டும். தாள விஷயத்திலும் அவருக்குத் தனிக் கணக்கு. ஓர் ஒலி என்றால் அதற்கு ஈடான மௌனமும் அதனோடு சேர்ந்ததே. ஒலியை நீட்டினால் மௌனமும் நீளும். ஆகவே அவருடைய இசையில் அமைதி என்பது அடுத்த சுரத்துக்காகக் காத்திருக்கும் இடைவெளி ஆகாது, அதுவும் எழுதப்பட்டதுதான். டில்லின் பெயரிலுள்ள படைப்பைக் கேட்கும்போது இந்தக் கணக்கு என்ன செய்கிறது என்று தெரியும். ஒப்பாரியை எதிர்பார்த்துப் போகிறோம். அதன் தலைப்போ டில்லைப் பணியாதவன், அஞ்சாதவன் என்கிறது. இரக்கத்துக்கு உரியவனாக நிறுத்தாமல், எழுந்து நிற்கும் பிள்ளையாக அவனை எழுதியிருக்கிறார் ஸ்மித்.

இந்த இசையில் சொற்கள் இல்லை. பெயர்கள் மட்டுமே உண்டு: ரோசா பார்க்ஸும் மான்ட்கோமரியின் 381 நாள் பேருந்துப் புறக்கணிப்பும், லிட்டில் ராக் பள்ளிக்குள் நுழைந்த ஒன்பது மாணவர்கள், விடுதலைப் பயணிகள், மெம்பிஸில் மார்ட்டின் லூதர் கிங். கேட்பவர் தலைப்பைப் படிக்காமல் உள்ளே போக முடியாது.

ஃபேனி லூ ஹேமருக்கும் ஒன்று உண்டு. லீலண்டுக்குப் பக்கத்து மாவட்டமான சன்ஃபிளவரில் பருத்தி எடுத்த கூலிப் பெண். இருபது பிள்ளைகளில் கடைசி. 1962இல் வாக்காளராகப் பதியப் போனார் என்பதற்காகப் பண்ணை வீட்டிலிருந்து துரத்தப்பட்டார். 1963இல் சிறையில் அடித்து நொறுக்கப்பட்டார். 1964 ஆகஸ்ட் 22 அன்று ஜனநாயகக் கட்சி மாநாட்டில் இதையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, தொலைக்காட்சிக் கேமராக்களைத் தன் பக்கம் திருப்புவதற்காக அதிபர் லிண்டன் ஜான்சன் அவசரமாகப் பத்திரிகையாளர் சந்திப்பு ஒன்றைக் கூட்டினார். இந்தத் தொடரில் ஜான்சனின் பெயரிலும் ஒரு படைப்பு இருக்கிறது. கென்னடிக்கும் இருக்கிறது. ஹேமரின் வாயை மறைக்கப் பார்த்தவருக்கு ஏன் மரியாதை என்ற கேள்வி நம் தோழர்களிடம் எழாமல் இராது, எழத்தான் வேண்டும். நம் கருத்து இது: சட்டத்தில் கையெழுத்திட்டவரின் பெயர் ஏற்கெனவே எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. ஸ்மித்தின் தொடரில் அவர் 19 படைப்புகளில் ஒன்றின் பெயராக, பருத்தி எடுத்த பெண்ணுக்குச் சமமான வரிசையில் உட்கார வேண்டியிருக்கிறது. அது ஜான்சனுக்குக் கிடைத்த மரியாதையா என்று நமக்கு உறுதியாகத் தோன்றவில்லை.

2013இல் ‘டென் ஃப்ரீடம் சம்மர்ஸ்’ இசைக்கான புலிட்சர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. பரிசு வேறொருவருக்குப் போனது. ஸ்மித்துக்கு அப்போது 71 வயது. 2015 அக்டோபரில் சிகாகோவின் தெற்குப் பகுதியில், சங்கத்தின் முதல் கூட்டம் நடந்த அதே நகர்ப்பகுதியில், ரினைசான்ஸ் சொசைட்டி என்ற கலைக்கூடம் 1967 முதல் அவர் எழுதிவந்த ஆங்க்ரஸ்மேஷன் ஸ்கோர்களைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியது. சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக வரிசையாக நின்ற அந்தத் தாள்கள் எல்லாம் அவர் கையாலேயே எழுதியவை.